செப்புக் குடமும் நீலக்கால் நண்டுகளும்

இஞ்சாருங்கோ,

இன்று காலை வேலையிடத்தில் ஒரு டெனிஷ் மூதாட்டிக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் கோப்பி வண்டிலைத் தள்ளிக்கொண்டு திரிவது இப்போதும் என் வேலைதான், அது மாறவில்லை. அவர் கோப்பியை வாங்காமல் என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். "நீ மேற்குக் கடற்கரைக்காரியா?" என்று கேட்டார். நாட்டின் நடுவில் இருக்கிற எங்கள் பிராண்டேயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலையும் பைன் மரமும்தான். கடலைப் பார்ப்பதென்றால் காரை எடுக்க வேண்டும். "வீட்டில் கொஞ்சம் கடல் வைத்திருக்கிறேன்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். மறதி வந்தவர், எதைச் சொன்னாலும் நம்புவார். கதைப்பதற்கு நல்ல ஆள்.

வேலைக்கு வெளிக்கிட முன்னர் நண்டுத் தொட்டிக்குள் கை வைத்திருந்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகாத அந்த உப்பும் பாசியும் கலந்த மணம் முன்பெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கும். நீங்கள் சோறு குழைக்கும்போது மேசையின் மறுபக்கம் எனக்கு எட்டும். "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்பேன். "கழுவினனான்" என்பீர்கள். நான் ஒருநாளும் நம்பியதில்லை. நீங்கள் சொன்னது உண்மைதான் என்று இப்போது தெரிகிறது.

எல்லாம் உங்கள் பல்லுக் கொதியால் வந்த வினை. அந்த மாரிகாலம் பல் வைத்தியரிடம் போய்விட்டு, விறைத்த வாயோடு கோணிக் கோணி வந்து நின்றீர்கள். நான் கஞ்சி காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீங்கள் பல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "இஞ்சாரும், அந்தக் காலை நீர் பாக்க வேணும். அப்பிடி ஒரு நீலம்" என்றீர்கள். யாருடைய கால் என்று எனக்கு ஒரு கணம் பத்திக்கொண்டு வந்தது. பிறகுதான் விளங்கியது. பல் வைத்தியரின் காத்திருப்பறையில் ஒரு கடல் நீர்த் தொட்டி இருந்ததாம். அதற்குள் கொண்டைக்கடலை அளவில் ஒரு நண்டு, நத்தை ஓடு ஒன்றைச் சுமந்துகொண்டு நடந்ததாம். நீலக் கால்களில் சிவப்பு வளையம் போட்டிருந்ததாம். உங்கள் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம்.

அந்த மாதத்திலேயே தொட்டி வந்துவிட்டது. ஹோலில் இருந்த என் கண்ணாடி அலுமாரி பின்னறைக்குப் போனது. அதன் இடத்தில் கல்லும் மணலும் பம்பும் சூடாக்கியுமாக ஒரு கடல் வந்து குந்தியது. தொழிற்சாலையில் காற்றாலை இறகுக்குப் பசை பூசுகிற மனுஷன், வீட்டுக்கு வந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்னக் குழலுக்குள்ளால் தண்ணீரின் உப்பை அளந்தீர்கள். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால் மட்டும், "எனக்கு உதெல்லாம் தெரியாது, நீரே பாரும்" என்பீர்கள்.

தண்ணீருக்கு நீங்கள் காட்டிய கவனம் கொஞ்சமா? குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் சுண்ணாம்பு அதிகம். ஆகவே சில்க்போர்க்கில் உள்ள அக்வேரியம் கடைக்குக் காரில் போய், வடிகட்டிய தண்ணீரை டுங்க் டுங்காக நிரப்பிக்கொண்டு வருவீர்கள். டுங்க் என்ற அந்த டெனிஷ் கான்களுக்குள் பிளாஸ்டிக் மணக்கிறது என்று ஒரு நாள் உங்களுக்குப் பெரிய யோசனை ஒன்று உதித்தது. என் அம்மா எங்களைப் பார்க்க வந்தபோது கொண்டுவந்த செப்புக் குடம் குசினி மூலையில் இருந்தது. செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதானே. மனுஷருக்கு நல்லதென்றால் நண்டுக்கு எவ்வளவு நல்லதாக இருக்கும் என்று நினைத்து, உப்புத் தண்ணீரைக் கலந்து அந்தக் குடத்திலேயே ஊறவிட்டு, பக்தியோடு தொட்டிக்குள் ஊற்றினீர்கள்.

நீங்கள் முதலில் வாங்கி விட்ட நண்டுகள் ஒவ்வொன்றாக ஓட்டை விட்டு வெளியே விழுந்து காலை நீட்டின. நீங்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து யோசித்தீர்கள். யோசித்து முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"உம்மடை மிளகாய்தான். நீர் தூளுக்கு வறுக்கிற புகை பம்புக்குள்ளாலை போகுது."

அந்த மாரி முழுவதும் கராஜுக்குள், குளிர் ஜக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு மிளகாய் வறுத்தேன். தும்மித் தும்மிக் கண்ணீரோடு நின்ற என்னைப் பக்கத்து வீட்டு டெனிஷ்காரி பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று தனியாக வந்து விசாரித்தார். ஓம், பிரச்சினைதான் என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் சில்க்போர்க் கடைக்காரர் உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, "செம்பு இருக்கிறதே, செம்புக் குழாயா?" என்று கேட்டாராம். முதுகெலும்பில்லாத கடல் சீவன்களுக்குச் செம்பு பட்டாலே நஞ்சு என்றும் சொன்னாராம். நீங்கள் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னீர்கள். நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அன்றைக்கே குடம் அலுமாரிக்கு மேல் ஏறியது, நான் குசினிக்குத் திரும்பினேன்.

இரண்டாம் முறை நிதானமாகத் தொடங்கினீர்கள். நீலக்கால்கள் வந்தன. பிறகு சிவப்புக் காலும் மஞ்சள் கண்ணுமாக ஒரு பெரியவன் வந்தான். அவனுக்கு ஃபோர்மன் என்று பெயர் வைத்தீர்கள். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்று பார்க்கிறானாம், உங்கள் தொழிற்சாலை ஃபோர்மன் மாதிரி. செம்மஞ்சளும் ஊதாவும் வரிவரியாக இருந்தவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். தமிழில் இதுகளைத் துறவி நண்டு என்று சொல்வார்கள் என்று மகள் எங்கேயோ பார்த்துச் சொன்னபோது உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "துறவியோ? அடுத்தவன்ரை வீட்டைக் கண்டால் உடனே அளந்து பாக்கிறவன் துறவியோ? இவன் வீடு வாங்கி விக்கிற ஏஜென்சிக்காரன்."

அது உண்மைதான். இருக்கிற ஓடு போதாமல் வந்தால் பக்கத்து நண்டின் ஓட்டைத் தட்டித் தட்டி ஆளை வெளியே கலைக்கும். ஆகவே மேலதிகமாக ஓடுகள் வேண்டும் என்று என்னை மேற்குக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மற்றச் சனம் கம்பளம் விரித்து அமர்ந்திருக்க, நாங்கள் இருவரும் காற்றுக்குக் குனிந்து வெற்று நத்தை ஓடு பொறுக்கினோம். என் சீலைத் தலைப்பு உங்கள் முகத்தில் அடித்தது. "வாய் சின்னனாய், வட்டமாய் இருக்க வேணும். இது ஃபோர்மனுக்குக் காணாது" என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கழித்தீர்கள். எனக்குக் கலியாணச் சீலை எடுத்தபோது இவ்வளவு நேரம் நீங்கள் கடையில் நின்றதில்லை. வீட்டுக்கு வந்து அவற்றை என் புட்டுப் பானையில் போட்டு அவித்தீர்கள். அன்றைக்கு நான் உங்களோடு கதைக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் ஃபோர்மன் ஒரு புது ஓட்டைக் கையால் தடவி, உள்ளே விரலை விட்டு ஆராய்ந்து, பின்பக்கம் மெத்தென்று வளைந்த உடம்போடு ஒரே பாய்ச்சலில் வீடு மாறியபோது, நானும் அகப்பையோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்தேன். "கதையாட்டிலும் பரவாயில்லை, பாரும்" என்றீர்கள்.

பார்க்கச் சொல்வதுதான் உங்கள் பழக்கம். நான் ஏதும் கேட்டால், "கை வைக்க முதல் பாரும். கொஞ்ச நேரம் சும்மா நிண்டு பாரும்" என்பீர்கள். எனக்குச் சும்மா நிற்க வராது. வீட்டில் சும்மா நிற்கிறவர் ஒருவர் போதும் என்று திருப்பிச் சொல்வேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை நேரம், தொழிற்சாலைக் கார்த் தரிப்பிடத்தில், காரைப் பூட்டிவிட்டுத் திரும்பிய இடத்தில் விழுந்தீர்கள். நெஞ்சுதான். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முதலே முடிந்துவிட்டது. உங்களோடு எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயும் போகாத மனுஷன், கடைக்குப் போவதென்றாலும் குசினி வாசலில் வந்து "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன்.

செத்த வீட்டு நாட்களில் தொட்டியைப் பற்றி யாருக்கு நினைவு? எனக்குக்கூட இல்லை. ஒரு விடியப்புறம் ஹோலில் சனம் எல்லாம் படுத்திருக்க, பம்ப் கரகரத்த சத்தத்துக்கு எழும்பிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வற்றிக் கீழே போயிருந்தது, கண்ணாடி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நீங்கள் கராஜில் நிரப்பி வைத்திருந்த டுங்கில் இருந்து ஊற்றினேன். ஊற்றி முடித்தபோது ஃபோர்மன் கல்லின் உச்சியில் ஏறி நின்று என்னைப் பார்த்தான். அவன் பார்த்தது சாப்பாட்டுக்குத்தான், தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் அன்றைக்கு என்னைப் பார்த்து அழாத சீவன் அவன் ஒருவன்தான். இவற்றைச் சாக விடுவதில்லை என்று அந்த இடத்தில் நின்று முடிவெடுத்தேன்.

மகளுக்கு வேறு முடிவு இருந்தது. தலைநகருக்குப் பக்கத்தில், புரொண்பியில் அவளுடைய வீட்டில் ஒரு அறை எனக்கு ஒழுங்குசெய்துவிட்டாள். "அம்மா, உங்களுக்குக் கார் ஓடத் தெரியாது. இஞ்சை தனிய எப்பிடி இருப்பீங்கள்? தொட்டியை வாங்குறதுக்கு ஒரு ஆள் இருக்கு" என்றாள். பாதி தமிழிலும் பாதி டெனிஷிலும் சொன்னாள். மிச்சப் பிடிவாதம் எல்லாம் உங்கள் முகத்தில் இருந்து அப்படியே எடுத்து வைத்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பிறகு கதைப்போம் என்றேன்.

அந்தியேட்டியன்று நடந்ததை நீங்கள் பார்த்திருந்தால் இரண்டாம் தரம் நெஞ்சைப் பிடித்திருப்பீர்கள்.

அந்தியேட்டிக் காரியங்கள் முடிந்து, வீட்டைச் சுத்தம் செய்கிற கிரியைக்கு ஐயர் வந்திருந்தார். கும்பம் வைக்கக் குடம் வேண்டும் என்றார்கள். யாரோ அலுமாரிக்கு மேல் இருந்த செப்புக் குடத்தை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டார்கள். காலையிலிருந்து அதற்குள் தண்ணீரும் மஞ்சளும் தேசிக்காயும் கிடந்து ஊறின. ஐயர் மந்திரம் சொல்லி மாவிலையால் வீடு முழுவதும் தெளித்தார். நான் குசினியில் பாயசத்துக்குச் சவ்வரிசி கிண்டிக்கொண்டிருந்தேன். ஹோலில் மச்சாளின் குரல் கேட்டது. உங்கள் தங்கச்சியின் குரல் உங்களுக்குத் தெரியும்தானே, அழுதுகொண்டே கதைக்கும் குரல்.

"அண்ணை ஆசையாய் வளத்த சீவன்கள். அதுகளுக்கும் தீர்த்தம் படட்டும்."

நான் அகப்பையோடு ஓடி வந்தபோது குடம் கவிழ்ந்துவிட்டிருந்தது. தொட்டிக்குள் மஞ்சள் ஒரு மேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வந்திப் பூ மிதந்தது. மச்சாள் தொட்டிக் கண்ணாடியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

கை வைக்க முதல் பார் என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவு வரவில்லை. சீலையோடு, வளையல் கழற்றிய கையைத் தோள்மூட்டு வரை தொட்டிக்குள் விட்டேன். கையில் அகப்பட்ட நண்டையெல்லாம் பொறுக்கினேன். "கராஜிலை நீலப் பீப்பா இருக்கு, அதிலை உப்புத் தண்ணி இருக்கு, ஐஸ்கிறீம் பெட்டியளிலை அள்ளிக்கொண்டு ஓடி வாங்கோ" என்று கத்தினேன். துக்க வீட்டில் அப்படி ஒரு கத்தலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் எல்லோரும் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். மகள் வந்து என் தோளைப் பிடித்து, "அம்மா, அது வெறும் நண்டுதானே" என்று டெனிஷில் சொன்னாள். "செம்பு பட்டால் செத்துப்போகும். பெட்டியைக் கொண்டு வா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினாள்.

வேட்டி கட்டிய ஆம்பிளைகள் வரிசையில் நின்று வாளி வாளியாகத் தொட்டித் தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஊற்றினார்கள். மச்சாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை. பீப்பாத் தண்ணீர் நண்டுகளுக்கே போய்விட்டது. தொட்டியை நிரப்பச் சில்க்போர்க்கில் இருந்துதான் தண்ணீர் வர வேண்டும். சனிக்கிழமை, கடை பின்னேரத்தோடு பூட்டிவிடும். வெளியே பார்த்தால் எங்கள் தெருவில் காருக்குப் பின்னால் கார், மகளின் கார் எல்லோருக்கும் உள்ளே அகப்பட்டுக் கிடந்தது. வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தது தெருமுனையில் நின்ற ஐயரின் கார் ஒன்றுதான்.

நான் டுங்குகளைத் தூக்கிக்கொண்டு ஐயருக்கு முன்னால் போய் நின்றேன். பின்னால் நின்ற பெரிய மனுஷி ஒருத்தி, "இண்டைக்கு நீங்கள் வெளிக்கிடப்படாது பிள்ளை, ஊர் என்ன சொல்லும்" என்றார். ஐயர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"வீடு சுத்தமாச்சு. துடக்குக் கழிஞ்சாச்சு. இனி என்ன தடை? ஏறுங்கோ அம்மா."

வேட்டிக்கு மேல் குளிர் ஜக்கெட், காலில் பனிச் சப்பாத்து, நெற்றி நிறைய விபூதியோடு ஐயர் அக்வேரியம் கடைக்குள் வந்து நின்றபோது கடைக்காரர் எங்களைப் பார்த்தபடியே நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். என் டெனிஷ் அன்றைக்கு நன்றாக வந்தது. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதையும் அங்கேயே, மீன் தொட்டிகளுக்கு நடுவில்தான் அவருக்குச் சொன்னேன். அவர் குழாயைத் திறந்துவிட்டு, செம்பை உறிஞ்சும் கரி நிரப்பிய பை ஒன்றையும் எடுத்து வைத்தார். ஐயர் இரண்டு கையிலும் டுங்கைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். வரும் வழியில், "சீவகாருண்யமும் கிரியைதான்" என்றார். பிறகு, உப்பை எவ்வளவு கலக்க வேண்டும் என்று அக்கறையாகக் கேட்டார்.

அன்றைக்கு எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இல்லை. அடுத்தடுத்த கிழமைகளில் நீலக்கால்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மாப்பிள்ளையும் போனான். ஃபோர்மனும் இன்னும் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். மச்சாள் நாளுக்கு ஒரு முறை போன் எடுத்து, "இண்டைக்கு எத்தினை மச்சாள்?" என்று கேட்பார். "எல்லாரும் சுகம்" என்பேன். அவருக்கு வேறு எதைச் சொல்வது?

மகளிடம் நான் பிராண்டேயை விட்டு வரவில்லை என்று சொன்னேன். தொட்டியை விற்கவில்லை என்றும் சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டு தாய்க்கு விளங்காத வேகத்தில் டெனிஷ் கதைத்தாள். எனக்கு விளங்கியது, ஆனால் விளங்காத மாதிரி இருந்துவிட்டேன். பிறகு தண்ணீருக்கு நானே போகத் தொடங்கினேன். சந்தைக்குக் கொண்டுபோகிற இழுக்கும் பையில் டுங்கை வைத்துக் கட்டி, ரயில் ஏறி, ஹேர்னிங்கில் மாறி, சில்க்போர்க் போய், தண்ணீர் நிரப்பி, அதே வழியில் திரும்பி வருவேன். பனி விழுந்த ஒரு நாள் ஹேர்னிங் ஸ்டேஷன் படியில் பை கவிழ்ந்து தண்ணீர் முழுக்க ஓடிப் போய்விட்டது. படியில் குந்தியிருந்து உங்களை ஏசினேன். வாய் விட்டுத்தான் பேசினேன், நல்ல தமிழில், யாருக்கும் விளங்காது என்ற துணிவில். பேசி முடித்து, பையை நிமிர்த்திக்கொண்டு, அடுத்த ரயிலில் மறுபடி சில்க்போர்க் போனேன்.

அடுத்த நாள் கார் பழகப் பெயரைக் கொடுத்தேன்.

இந்த வயதில் தியோரிப் பரீட்சைக்குப் படிப்பது லேசில்லை. வட்டச் சந்தியில் யாருக்கு முதல் உரிமை என்று குசினியில் கரண்டியும் கோப்பையும் வைத்துப் பழகினேன். பழக்குகிற டெனிஷ்காரர் பொறுமையான மனுஷன். ஒரு நாள், "பின் சீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி இருக்கிற மாதிரி ஓட்டுகிறாயே" என்றார். "இருக்கத்தான் போகிறது" என்றேன். முதல் தரம் ஓட்டப் பரீட்சையில் என்னை விழுத்திவிட்டார்கள், மிக மெதுவாகப் போகிறேனாம். இரண்டாம் தரம் வேகமாகப் போனேன். பாஸ். உங்கள் கார் எடுப்பாரில்லாமல் கராஜ் வாசலில் நின்று பாசி பிடித்திருந்தது. கழுவித் துடைத்து, சீட்டை எனக்கு அளவாக முன்னுக்கு இழுத்தேன். அதை இழுக்கும்போதுதான் அழுதேன். உங்கள் கால் நீளத்துக்கு இருந்த சீட், இனி அந்த அளவுக்குத் திரும்பிப் போகப் போவதில்லை.

நான் முதல் முதல் தனியாகக் காரில் தண்ணீர் கொண்டுவந்த கிழமையில் ஃபோர்மன் செத்துப்போனான். மற்ற இருவரும் அதற்கு முன்னரே போய்விட்டார்கள். அவன் ஓட்டுக்கு வெளியே கிடந்தான். ஒருவேளை தோல் கழற்றுகிறானோ என்று காத்திருந்தேன். நீங்கள் ஒரு முறை நண்டு கழற்றிய வெறும் தோலைச் சவம் என்று நினைத்து அடக்கம் செய்தவர்தானே. ஆனால் இது தோல் இல்லை. மணத்தில் தெரிந்தது. தோட்டத்தில் ரோசாவுக்குக் கீழே தாட்டேன். நீங்கள் வாங்கிய நண்டுகளில் இப்போது ஒன்றும் இல்லை. இதை உங்களுக்குச் சொல்லாமல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் இயன்றதெல்லாம் செய்தேன்.

மகள் போனில் அழகான, மெல்லிய குரலில் சொன்னாள்: "அம்மா, இனி நீங்கள் வரலாம்தானே. இனி ஒண்டும் இல்லையே." அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய்ச் சும்மா நின்று பார்த்தேன். கல் இருந்தது. பாசி இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் நன்றாக, தெளிவாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டுச் சுத்தமாக்கிய தண்ணீரை நான் ஏன் ஊற்ற வேண்டும்? அந்தக் காரை ஏன் விற்க வேண்டும்? எனக்கு இங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, இப்போது லைசென்ஸும் இருக்கிறது. மகளைப் பார்க்க நான் கார் ஓடிப் போவேன், பெல்ட் கடலின் பெரிய பாலத்தையும் நானே தாண்டுவேன். குடியிருக்கப் போகமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சில்க்போர்க்குக்குப் போனேன். கடையில் நின்று, ஒவ்வொன்றையும் நடக்க விட்டுப் பார்த்து, கழித்து, நீலக்கால்கள் சிலவற்றைப் பொறுக்கினேன். கடைக்காரர் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. பையில் போட்டுத் தந்ததைக் குளிராமல் என் சால்வையில் சுற்றி, முன்னால் பக்கத்துச் சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். மிக மெதுவாக ஓட்டி வந்தேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்களில் ஒருவன், மற்றவர்களைத் தள்ளிவிட்டு சூடாக்கியின் வயரைப் பிடித்து மேலே மேலே ஏறுகிறவன், வந்த அன்றே என் கண்ணில் பட்டுவிட்டான். அவனுக்குத்தான் உங்கள் பெயரை வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியும், உங்கள் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இஞ்சாருங்கோ, என்னப்பா, பிள்ளையின் அப்பா, இவர் என்று கலியாணம் கட்டிய நாளில் இருந்து ஓட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் உங்கள் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட வாய் திறக்காமல் உங்கள் மஞ்சள் மருத்துவ அட்டையை எடுத்து நீட்டினேன். புருஷனின் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். ஒரு தரமும் சொல்லாமல் இருந்தேனே, அதனால் எனக்கு என்ன கிடைத்தது?

போன கிழமை மச்சாள் வந்திருந்தார். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவன் வயரில் உச்சிக்கு ஏறி ஒரு காலில் தொங்குவதைக் கண்டு, நான் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "விழப்போறியள், இறங்குங்கோ" என்றேன். பெயரைச் சொல்லப் பழகிவிட்டேன், "இறங்கு" என்று சொல்லத்தான் இன்னும் வருகுதில்லை. மச்சாள் கத்தியோடு வந்து வாசலில் நின்றார்.

"மச்சாள், நீங்கள் அண்ணையின்ரை பேரைச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"சொல்லப்படாதெல்லே."

"இந்த வீட்டிலை அந்தப் பேரை வேறை ஆர் சொல்லுறது மச்சாள்? நான் சொல்லாட்டில் ஒருத்தரும் சொல்லாயினம்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு தொட்டிக்குக் கிட்ட வந்து, குனிந்து, "எது, உதில் எது அண்ணை?" என்று கேட்டார். காட்டினேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

இப்போது காலையில் சாப்பாடு போடும்போது ஒரு தரம், வேலையால் வந்து கதவைத் திறந்ததும் ஒரு தரம், கோபம் வந்தால் கணக்கில்லாமல், உங்கள் பெயர் இந்த வீட்டில் சத்தமாகக் கேட்கிறது. இனி நான் நிற்பாட்டமாட்டேன்.